கஞ்சி கொட்டியது யார்

உங்களுக்கு எங்கே இருக்கிறது? ஊசி பாசி விற்கிற நம் காலனியில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் உடம்பில் எங்காவது அந்தச் சூட்டுத் தழும்பு உண்டு. முழங்காலுக்குக் கீழே, மணிக்கட்டில், கழுத்தோரம். பளபளவென்று, மயிர் முளைக்காமல், தொட்டால் மற்றத் தோலைவிடக் கொஞ்சம் வழுக்கலாக இருக்கும். டீ, ரசம், குளிக்கிற வெந்நீர், சோற்றுக் கஞ்சி என்று காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பள்ளிக்கூடத்தில் மற்றத் தெருப் பிள்ளைகளின் கால்களைப் பார்த்த பிறகுதான், இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதில்லை என்று எனக்கு உறைத்தது. நம் வீடுகளில் அடுப்பு தரையில் இருந்தது. நாமும் தரையில்தான் இருந்தோம்.

என் உடம்பில் அப்படி ஒன்றும் கிடையாது. என் தங்கச்சிக்கு இருக்கிறது. இடது தோளிலிருந்து முழங்கை வழியாக இறங்கி, நெஞ்சில் ஒரு கை அகலத்துக்குப் பரவியிருக்கிறது. அது வந்த கதையை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அவர்களுக்காவது சொல்லிவைக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் வரிசையாகச் சொல்ல வரவில்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதுதான் இதில் எல்லாமே. அதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதமாக நான் கல்கத்தாவில் இருக்கிறேன். சால்ட் லேக்கில் வேலை, பவானிபூரில் இரண்டு பேரோடு ஓர் அறை. போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கிடர்பூர் போனேன். துறைமுகத்துச் சுவரை ஒட்டி என் சின்ன வயதில் ஒரு குளிர்காலத்தில் நாங்கள் தங்கிய இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். சுவர் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லா இடமும் அந்த இடம் போலவே இருந்தது. லாரிகள், தள்ளுவண்டிகள், எண்ணெய்ப் பிசுக்கு, ஈரச் சாக்கு நாற்றம். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வருமே டிராம், அது இப்போது வருவதில்லையாம். தண்டவாளத்தின் ஒரு துண்டு மட்டும் தாருக்குள் பாதி புதைந்து கிடந்தது. எந்த இடத்தில் நின்று பார்ப்பது என்று தெரியாமல் ஒரு மண் கோப்பை டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கலாம். தங்கச்சிக்கு மூன்று. அம்மா, அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, நாங்கள் இரண்டு பேர். கங்கை கடலில் கலக்கிற கங்காசாகருக்கு முழுக்குப் போடப் போகிற ஜனங்கள் பொங்கல் சமயத்தில் பாபுகாட் படித்துறையில் வந்து குவிவார்கள். சாமியார்கள் சாம்பல் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ருத்திராட்சமும் பாசிமணியும் அங்கே நன்றாகப் போகும் என்று யாரோ சொல்லி, மூட்டைகளோடு ரயில் ஏறிவிட்டோம். பகலில் பாபுகாட்டில் வியாபாரம். தூங்கவும் சமைக்கவும் கிடர்பூரில் நீலத் தார்ப்பாயின் அடியில் ஐந்தடி இடம்.

அந்தக் குளிர் எனக்குப் பிடித்திருந்தது. காலையில் ஆற்றிலிருந்து புகை மாதிரி பனி வரும். அங்கே எல்லோரும் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார்கள், போலீஸ்காரர்கூடப் போட்டிருந்தார். பத்தடி தள்ளி ஒரு கார்ப்பரேஷன் குழாய் இருந்தது. அதற்குத் திருகே கிடையாது. தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும், ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள். நம் ஊரில் ஒரு குடத்துக்கு அம்மா பட்ட பாட்டைப் பார்த்திருந்ததால், அந்தக் குழாயை நிறுத்த முடியாதா என்று கையால் அடைத்துப் பார்ப்பேன். சட்டையெல்லாம் நனைந்துவிடும்.

பெரியவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை; ஆனாலும் வெளியாள் யாராவது படித்தால் புரிய வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஏதாவது கெட்டுப்போனால், உடைந்தால், தொலைந்தால், யாராவது ஒருவர் எழுந்து "என் குத்தம்" என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். சொன்னவர் மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். அதோடு பேச்சு முடிந்தது. பிறகு யாரும் அதை எடுத்துக் குத்திக்காட்டக் கூடாது. உண்மையில் தவறு செய்தவர்தான் எழ வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பாலும் அவர் எழுவதற்குள் வேறொருவர் எழுந்துவிடுவார். வரும் வழியில் கரக்பூர் ஸ்டேஷனில் ஊசிப் பை தொலைந்தபோது, மேல் பலகையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பினார்கள். விஷயத்தைக் கேட்டார். "என் குத்தம்" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"தூக்கத்துலயே ஏத்துக்கிறாரு பாரு, உங்கப்பன் பெரிய மனுசன்டா" என்று மாமா என்னிடம் சொன்னார்.

அவர்கள் பேசியது நம் பாஷையில். அதற்கு எழுத்து இல்லாததால் தமிழில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் வேறு யாரோ பேசுவது போல இருக்கிறது.

அந்தக் காலைக்கு வருகிறேன். வெயில் வந்திருந்தது. அம்மா சோறு பொங்கியிருந்தாள். அலுமினியக் குண்டானின் வாயில் தட்டை வைத்து, துணியால் இறுக்கிப் பிடித்து, இரண்டு செங்கல் மேல் சாய்த்து வைப்பாள். கஞ்சி தட்டின் இடுக்கு வழியாக ஒரு பேசினில் ஒழுகும். தங்கச்சிக்கு அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்க ஆசை. சுவரோரம் மாமா கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். அப்பா குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் லாரிக்காரர்களின் பையன்கள் இரண்டு பேரோடு கிரிக்கெட் ஆடப் போனேன். ஸ்டம்புக்குச் செங்கல் வேண்டியிருந்தது. அடுப்புப் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எந்தச் செங்கல்?

அந்தச் செங்கல் சூடாக இருந்தது என்று ஒரு ஞாபகம். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். இன்னொரு ஞாபகத்தில் அது பனியில் நனைந்து ஜில்லென்று இருக்கிறது, அடியில் ஓர் அட்டைப்பூச்சிகூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடான செங்கல் என்றால் அது குண்டானுக்குக் கீழே இருந்தது. ஜில்லென்ற செங்கல் என்றால் தார்ப்பாயின் ஓரத்தில் பாரமாக வைத்தது. அதை எடுத்ததால் தார்ப்பாய் காற்றில் அடித்துக் குண்டானைத் தட்டியிருக்கலாம். அல்லது இரண்டுமே இல்லாமல் சும்மா கிடந்த செங்கலாகவும் இருக்கலாம். கண்ணை மூடினால் இரண்டு கைகளும் தெரிகின்றன. எது என் கை என்று தெரியவில்லை.

குண்டான் சரிந்து கஞ்சி மேலே கொட்டியபோது தங்கச்சி கத்தியதை எழுத வேண்டாம். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள்.

நான் ஓடி வந்தபோது அம்மா அவளைத் தூக்கியிருந்தாள். மாமாவின் முகத்தில் பாதி சோப்பு நுரை. டீக்கடைக்காரர் ஓடிவந்து பற்பசை டியூபைப் பிதுக்கினார். அப்பா அதை வாங்கித் தங்கச்சியின் தோளில் பூசினார், புதினா வாசனை வந்தது. ஒருவர் மாவு போடச் சொன்னார், ஒருவர் மை தடவச் சொன்னார். பத்தடியில் அந்தக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே கொண்டுபோய்ப் பிடித்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். கால் மணி நேரம், அரை மணி நேரம் பிடித்திருந்தால் இவ்வளவு ஆழம் போயிருக்காதாம். ஒருவர் குழாயைக் காட்டியதும் அம்மாவே சொன்னாள், "பச்சத் தண்ணி ஊத்தாதீங்க, குளிருல புள்ளைக்குச் சன்னி வந்துரும்." எல்லோரும் அது சரி என்றார்கள். குளிருக்குப் பயந்து அவளைத் துணியில் சுற்றினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் போனோம். அங்கே ஒரு நர்ஸ் கத்தரிக்கோலால் தங்கச்சியின் கழுத்துப் பாசியை வெட்டினாள். மணிகள் தரையெல்லாம் உருண்டன. நான் பொறுக்கினேன். சிவப்பு, பச்சை, ஒரு வெள்ளைச் சோழி. பற்பசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டே டாக்டர் இந்தியில் ஏதோ திட்டினார். பிறகு எப்படி நடந்தது என்று கேட்டார்.

அம்மா உடனே எழுந்தாள். "மேரா கல்தி, சாமி." பஸ் ஸ்டாண்டுகளில் கற்ற இந்தி அவளுடையது. என் குற்றம் என்று சொன்னாள்.

டாக்டர் எழுதினார்.

"நஹி சாமி, மேரா கல்தி" என்றார் மாமா. ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் மழிக்காமலும் நின்றார்.

டாக்டர் முதலில் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்து, என்ன கேள்வி என்றுகூடத் தெரியாமல், "மேரா" என்றார்.

டாக்டர் பேனாவை மூடினார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கண்டேன். ஆனால் அது நல்ல மாற்றம் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பேர் ஏற்றுக்கொள்கிறார்களே, சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று.

மறுநாள் எங்களோடு தமிழில் பேச ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். பவானிபூரில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம், அவள் அப்பா பேங்கில் அதிகாரி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைப் பவானிபூர் அக்கா என்றோம். இப்போது நான் தங்கியிருக்கும் தெருவுக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வீடு இருந்திருக்க வேண்டும். தேடிப் போகவில்லை.

"என் தமிழ் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்" என்று ஆரம்பித்தாள். பேச்சுக்கு நடுவே ‘மானே’ என்பாள், வங்காளத்தில் ‘அதாவது’ என்று அர்த்தம். "ஆத்துல பேசறதுதான், மானே, படிச்சதில்ல. டாக்டர் என்ன கேக்கறார்னா, அந்த நேரத்துல பாத்திரம் யார் கையில இருந்தது? ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லுங்கோ."

"என் கையில தாயி" என்றாள் அம்மா.

"எங்கக்கா பொய் சொல்லுது" என்றார் மாமா. "அது கையில ஒண்ணும் இல்ல. நான் கண்ணாடிய எடுக்க எந்திரிச்சேன், காலு பட்டிருச்சு."

"பட்டுதா? நிச்சயமா?"

"பட்டிருக்கும் தாயி."

அப்பா தொண்டையைச் செருமினார். "அவன் சின்னவன். அவனை விடுங்க. புள்ள என்னோடது. எனக்குத்தான் எழுதணும்."

"நீங்க எங்கே இருந்தேள்?"

"குழாயடியில."

"குழாயடியில இருந்துண்டு எப்படிக் கொட்டினேள்?"

அப்பா யோசித்தார். "நான் இருந்திருக்கணும். இல்ல. அதான்."

பவானிபூர் அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அப்போ மூணு பேருமா சேர்ந்து தூக்கிக் கொட்டினேளா?"

மாமா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அப்படியும் எழுதிக்கலாம் தாயி. ஆனா மூணு பேரு ஏத்துக்க எங்களுக்குள்ள வழக்கமில்ல."

அவள் அத்தனையும் ஒரு வார்த்தை விடாமல் வங்காளத்தில் சொன்னாள். நேர்மையான பெண். அதுதான் சிக்கலாகிப் போனது. பிள்ளையை யாரோ வேண்டுமென்று சுட்டிருக்கிறார்கள், அதை மறைக்க மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து எங்களை வார்டுக்குள் தனியாக விடவில்லை. பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கிற ஆபீசிலிருந்து ஒரு அம்மாள் வருவாள் என்றும், அவள் திருப்தியானால்தான் தங்கச்சி எங்களிடம் வருவாள் என்றும் சொன்னார்கள். இல்லாவிட்டால் ஹோமுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஹோம்னா வீடுதான?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் பவானிபூர் அக்கா.

அந்த நாட்கள் எத்தனை என்று எனக்குக் கணக்கில்லை. சாமியார்கள் போய்விட்டார்கள். பாபுகாட் காலியானது. எங்களைப் போல வந்திருந்த மற்றவர்கள் ரயில் ஏறினார்கள். மாமா குண்டானை ஆற்றில் எறிந்துவிட்டு வந்தார், பிறகு சமைக்கப் பாத்திரம் இல்லாமல் டீக்கடைக்காரரிடம் ஒரு டேக்சா கேட்டு வாங்கினார். தினமும் சாயங்காலம் வார்டு வாசலில் நிற்போம். ஆயா ஒருத்தி இருந்தாள், எல்லோரும் அவளை மாஷி என்பார்கள். வங்காளத்தில் சித்தி என்று அர்த்தம். அவள் தங்கச்சியைத் தூரத்தில் தூக்கிக் காட்டுவாள். தங்கச்சியின் உடம்பில் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளைத் துணிக் கட்டுக்குள் மறைந்திருக்கும், முகம் எங்களைப் பார்க்கும். முதலில் அழுதாள். பிறகு அழவில்லை. அழாமல் பார்த்ததுதான் அம்மாவைப் பாதித்தது.

மாமா தன் குற்றத்தை இன்னும் பலமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "நாம சொன்னது அவங்களுக்குப் பத்தல. பெரிய குத்தமா ஏத்துக்கணும் போல. குடிச்சிருந்தேன்னு சொல்லவா?"

"நீ குடிக்க மாட்டியேடா" என்றார் அப்பா.

"அதுக்கென்ன, ஏத்துக்கிறதுதான."

பெரியவர்கள் எவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஆபீஸ் அம்மாள் ஒரு மத்தியானம் வந்தாள். கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை. எல்லோரும் அவளைத் தீதி, அதாவது அக்கா, என்றார்கள். பெரியவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வராந்தா பெஞ்சில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பவானிபூர் அக்கா இந்தப் பக்கம். தீதி பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்தாள். சுளைகளை என் உள்ளங்கையில் வைத்தாள். நான் தின்னவில்லை.

"யார் கொட்டினான்னு கேக்கறா" என்றாள் அக்கா.

எங்கள் கூட்டத்தில் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. அதனால் என்ன சொல்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

"தெரியல" என்றேன்.

"பயப்படாதே. யாரும் அடிக்க மாட்டா. யார்?"

"தெரியல."

"அப்பா அம்மா பாப்பாவை அடிப்பாளா?"

"எதுக்கு?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை. மூன்று வயதுப் பிள்ளையை எதற்கு அடிப்பார்கள்.

அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சவரம், குழாய், லாரி, கிரிக்கெட். செங்கல் எடுத்ததையும் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். இரண்டாம் முறை வரிசை மாறிப்போனது. மூன்றாம் முறை இன்னும் மாறியது. செங்கல் முதலில் வந்தது, பிறகு கடைசியில் வந்தது. எனக்கு அழுகை வந்தது. "எது மொதல்ல நடந்துச்சுன்னு தெரியல" என்றேன். அக்கா அதைச் சொன்னதும் தீதி எழுதுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் வங்காளத்தில் நெடுநேரம் பேசிக்கொண்டார்கள்.

அக்கா பிறகு அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "அவ நிறைய வீடு பாத்திருக்காளாம். சுட்டவா யாரும் நான்தான்னு சொல்ல மாட்டாளாம், குழந்தை தானா விழுந்துடுத்தும்பாளாம். உங்காத்துல எல்லாரும் நான் நான்ங்கறேள், பையன் ஒருத்தன்தான் தெரியலங்கறான். அவன்தான் நடந்ததைச் சொல்றான்னு அவளுக்குத் தோணறதாம்."

மறுநாள் தீதி கிடர்பூருக்கே வந்தாள். சாக்கு மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அம்மா அன்று டேக்சாவைச் செங்கல்லில் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கே வடிப்பது. தீதி தன் குடையைத் தரையில் கிடத்தி அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தாள். ஒரு குடை நீளம்கூட இல்லை. ஒரு லாரி போனது. தார்ப்பாய் படீரென்று அடித்தது. அவள் எழுந்து, குழாயடிக்குப் போய்க் கையை நனைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

ஒப்படைக்கிற நாள் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள்; வங்காளத்தில் அது தை, மாசியில் வரும். ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கையெழுத்தாகாவிட்டால் அப்புறம் விடுமுறை. விடுமுறை முடிந்ததும் ஹோமுக்குப் போகிற பட்டியலில் தங்கச்சியின் பெயர் இருந்தது. அதை அக்கா இரண்டு முறை சொன்னாள். மேஜை மேல் காகிதமும் மைப் பெட்டியும் இருந்தன.

"எப்படி நடந்ததுங்கற இடத்துல விபத்துன்னு எழுதியிருக்கா" என்றாள் அக்கா. "மானே, யாரோட தப்பும் இல்லன்னு. கட்டைவிரல் வைங்கோ, அழைச்சுண்டு போகலாம்."

அப்பா விரலை நீட்டினவர் இழுத்துக்கொண்டார்.

"யாரோடதும் இல்லன்னா?"

"ஆமா. யாரோடதும் இல்ல. நல்லதுதானே?"

"அதெப்படி தாயி. யாரும் இல்லாம எப்படிச் சுடும்?" அப்பா சத்தம் போடவில்லை. அவருக்கு நிஜமாகவே சந்தேகம். "நாளைக்குப் புள்ள வளரும். இது யாரு பண்ணினாங்கன்னு கேக்கும். யாருமில்லன்னு சொல்லவா? அதுக்கு யாரு இருக்கா அப்புறம்? அந்த எடத்துல என் பேர எழுதச் சொல்லு. வைக்கிறேன்."

"உங்க பேரை எழுதினா குழந்தையைத் தர மாட்டா. அதைத்தானே இத்தனை நாளா சொல்றேன்."

"எழுதாம வைக்க மாட்டேன்."

மாமா அப்பாவின் பக்கம் சேர்ந்துகொண்டார். "அவரு சொல்றது நாயம் தாயி. அவரு பேரு வேணாம்னா என் பேர எழுதுங்க."

அக்கா இதை வங்காளத்தில் சொல்லத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள். தீதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கு ஆரஞ்சுச் சுளை ஞாபகம் வந்தது, அது என்னவோ. வார்டின் உள்ளே யாரோ ஒரு பிள்ளை இருமியது. அது தங்கச்சியா என்று அம்மா தலையைத் திருப்பினாள். அப்போதுதான் அவள் எழுந்தாள்.

"இந்தக் காயிதத்துக்கு நம்ம கூட்டத்தத் தெரியுமா?" என்று அப்பாவிடம் கேட்டாள். "தெரியாததுகிட்ட என்ன சண்ட?"

அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தாள். அப்பா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. காகிதத்தைப் பார்க்கவும் இல்லை. பிறகு தன் விரலை அவளே வைத்தாள். மீதி மையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

மாஷி தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் கட்டும், கை மடங்காமல் இருக்க ஒரு கட்டையும். அம்மா கையை நீட்டியதும் தங்கச்சி மாஷியின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "ஜோல்" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். லாரிக்காரப் பையன்களோடு ஆடினதில் எனக்கு அந்த ஒரு வார்த்தை தெரியும்.

"தண்ணி கேக்குது" என்றேன்.

என் அம்மாவுக்கு அவள் பிள்ளை பேசினதை நான் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத் தங்கச்சி அவளை உற்றுப் பார்த்தாள். அம்மாவின் கழுத்துப் பாசியை எட்டிப் பிடித்தாள். அப்படியே தாவிவிட்டாள்.

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் அப்பா நின்றுவிட்டார். பந்தல் மூங்கில்கள் கிடந்த பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். மறுநாள் பூஜைக்கு மஞ்சள் புடவை வாங்கிக்கொண்டு சின்னப் பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"என் குத்தம்" என்றார் அப்பா.

மாமா தலை குனிந்தார். அம்மாவும் குனிந்தாள். அப்பா டீ வாங்க எழுந்தார்.

"செங்கல்ல நான்தான் எடுத்தேன்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றிருந்தேன், பெரியவர்கள் நிற்பதுபோல. "என் குத்தம்" என்றும் சொன்னேன்.

மாமா சிரித்துவிட்டார். "உனக்கு இன்னும் பால் பல்லே விழுந்து முடியல. பொடியன் ஏத்துக்கிட்டாச் செல்லாதுடா. மீச மொளைச்சப்புறம் வா. இப்பப் போயி அப்பன் கூட டீயத் தூக்கிட்டு வா."

காயம் மூடும்வரை, ஹோலி வரைக்கும், கல்கத்தாவிலேயே இருந்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அதுவரை என்னை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று தீதி வற்புறுத்தினாள். ஒன்றும் புரியாத வங்காள வகுப்பில்தான் நான் முதன்முதலில் சிலேட்டைப் பிடித்தேன். வெந்தது அவள் கை. படிப்பு வந்தது எனக்கு. இதை எப்படி வைத்துக்கொள்வது என்று நான் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போகிற ரயிலில், பிள்ளை அழுகிறாளே என்று அம்மா அந்தக் கட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டாள். காயம் ஆறிவிட்டது, இனி எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் தங்கச்சியின் முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. அதற்கு யார் எழுந்து ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. யாராவது ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கிடர்பூரிலிருந்து திரும்பியதும் மாமாவுக்குப் போன் செய்தேன். எனக்கு இப்போது மீசை இருக்கிறது. செங்கல் விஷயத்தைச் சொன்னேன். சூடான செங்கல், ஜில்லென்ற செங்கல், இரண்டையும் சொன்னேன். எதுவாக இருந்தாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன், எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றேன்.

"அது உங்கப்பன் ஏத்துக்கிட்டது" என்றார் மாமா. "அது அவனோடது. செத்தவன்கிட்டயிருந்து புடுங்கப் பாக்குறியா?"

"இல்ல மாமா, நடந்தது என்னன்னா..."

"நடந்தது இருக்கட்டும். ஒரு குத்தத்த ரெண்டு பேரு வச்சுக்க முடியாது."

அவர் பக்கத்தில் தங்கச்சி இருந்திருக்கிறாள் போல. "அண்ணனா? என்னவாம்?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார் மாமா. "கல்கத்தாவுல ரொம்பக் குளிராம்."